நாலறை வீட்டில் மூன்றாம் ஆள்

நூற்றுப் பன்னிரண்டு நாட்கள்.

ஒரு வீட்டுக்குள் ஒரு செய்தியை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்த காலம் அது. சரியாகப் பதினாறு வாரங்கள். முதல் நாளும் வெள்ளி. கடைசி நாளும் வெள்ளி.

தொடங்கியது காலை ஐந்து ஐம்பதுக்கு. மலைநகரமான லா ஷோ-து-ஃபோனில் இருந்து கீழே இறங்கும் பழைய வீதி. ஜனவரி மாதம். இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், வீதி விளக்குக் கிடையாது. முதல் நாள் பெய்த மழை இரவில் உறைந்துபோயிருந்தது... கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மாதிரி. அந்த வீதியில் ஒரே ஒரு கார் இறங்கிக்கொண்டிருந்தது.

"பொறு, பொறு," என்றான் பானுஜன். "இது ஆருக்கு நடந்தது? முதல் அதைச் சொல்லு."

"என்னோட ஆய்வுகூடத்தில வேலை செய்யிற தனுஷியாவின்ர பெரியம்மா வீட்டில."

"பாத்தியோ? எல்லாப் பேய்க்கதையும் இப்பிடித்தான். சிநேகிதியின்ர பெரியம்மா, பெரியம்மாவின்ர மச்சாள், மச்சாளின்ர பூனை..."

"வாயை மூடடா," என்றாள் அவனுடைய அக்கா யதுஷா. "பின்னேரம் துவக்கம் பேசாமல் இருந்தவள் இப்பதான் வாய் திறக்கிறாள்."

நாங்கள் நாலு பேர். யதுஷா, பானுஜன், மேர்சி, நான். வாடகைக்கு எடுத்த மலைக்குடில். சீஸ் உருக்கும் ராக்லெட் அடுப்பையும் ஹீட்டரையும் பானுஜன் ஒன்றாகப் போட்டதில் மின்சாரம் போய்விட்டது. ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினொரு பாகை. விறகடுப்பு மட்டும் எரிந்தது. நாலு பேரும் அதன் முன்னால் ஒரே போர்வைக்குள் ஒடுங்கி இருந்தோம். மற்ற மூவரும் தங்கள் பேய்க்கதைகளைச் சொல்லி முடித்திருந்தார்கள்.

எனக்குக் கூட்டத்தில் கதைக்க வராது. தனுஷியா எனக்குச் சொன்னதை, அவள் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். கூட்டவும் இல்லை. குறைக்கவும் இல்லை.

காரில் இருந்தவன் பிருந்தன். இருபத்தாறு வயது. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் இரவு வேலை. வாரநாட்களில் அங்கே ஒரு வாடகை அறையில் தங்குவான். வெள்ளி விடிய வேலை முடிந்ததும் சூரிச்சுக்கு, அம்மா அப்பாவிடம் வருவான். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வீட்டுக் கதவு திறக்கும். ஒரு நிமிடம் முன்பின் இருக்காது. கடிகாரத்தோடு வேலை செய்கிறவன்.

அன்று எட்டுப் பத்துக்குக் கதவு திறக்கவில்லை. ஒன்பது ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது. முதலில் போலீஸ்காரர் ஒருவர் பிரெஞ்சில் கதைத்தார். பிறகு வேறொருவர், கார் வழுக்கி மரத்தில் மோதியதை ஜெர்மனில் சொன்னார். பெரியம்மாவின் பெயர் தயாநிதி. அவர் போனைக் காதில் வைத்தபடி "யா... யா..." என்று மட்டும் சொன்னார். பிறகு வைத்தார். அன்று லீவில் வீட்டில் நின்ற கணவருக்குச் சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, சத்தம்தான் வந்தது.

கணவர் ஜெகதீஸ்வரன் எழுந்து வந்து அவருடைய வாயைக் கையால் பொத்தினார்.

"சத்தம் போடாதையும். கீழை கேக்கும்."

"கடவுளே," என்றாள் மேர்சி. "என்ன மனுசன் அவர்? பெத்த பிள்ளை..."

"பொறு. அந்தச் சொல்லைச் சொல்லாதை," என்றேன். "அந்த வீட்டுக்குள்ள ஒருத்தரும் சொல்லேல்ல. நானும் இன்னும் சொல்லேல்ல."

மேர்சி போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அது கூட்டுறவுச் சங்கத்தின் வீடு. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் கட்டியது. ஒரு பெரிய முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் மூன்று மாடிகள். படிக்கட்டில் மெழுகு மணக்கும். நிலவறையில் எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் ஒரு வீட்டுக்கு முறை வரும். கூரைக்குக் கீழே உடுப்புக் காயவிடும் கொடிகள். தரை முழுக்கப் பலகை. பலகைக்குக் கீழே அந்தக் காலத்து நிரப்பு... நிலக்கரிச் சாம்பலும் மண்ணும். அது ஒலியைத் தடுக்காது. மேல்வீட்டில் கரண்டி விழுந்தால், விழுந்தது கரண்டியா முள்ளா என்று கீழ்வீட்டில் சொல்லிவிடலாம்.

கீழ்வீட்டில் ஃப்ராவ் எக்லி என்ற சுவிஸ் கிழவி இருந்தார். எண்பத்து நாலு வயது. கண் இரண்டும் மங்கல். காது மட்டும் அப்படியே இருந்தது. அந்தப் படிக்கட்டில் இருந்த ஆறு வீட்டு ஆட்களையும் அவர் நடையை வைத்துத்தான் அடையாளம் காண்பார்.

சங்கத்துக்கு ஒரு விதி இருக்கிறது. எத்தனை அறையோ, அதில் ஒன்றைக் கழித்தால் வருகிற அளவுக்கு ஆட்கள் வசிக்க வேண்டும். நாலு அறை என்றால் மூன்று பேர். குறைந்தால் சிறிய வீட்டுக்கு மாற வேண்டும்.

"ஓம், எங்கட மாமியையும் அப்பிடித்தான் மாத்தினவை," என்றாள் யதுஷா. "மகள் கலியாணம் கட்டிப் போன கையோட."

பெரியம்மாவுக்கு வீடு ஒரு பொருட்டில்லை. இரண்டு அறையிலும் இருப்பார், ஒரு அறையிலும் இருப்பார். ஆனால் சிறிய வீடு என்றால் ஒரு அறை குறையும். எந்த அறை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவனுடைய கட்டில் அங்கே இருந்தது. தொழில் பழகுவதற்காக அவன் கழற்றிய பழைய சுவர்க்கடிகாரம் மேசையில் பாதி பொருத்தியபடி கிடந்தது. தலையணையில் அவனுடைய தலைமயிரின் மணம் இருந்தது. அந்த அறையை விட்டுக் கொடுக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

"சங்கத்தைக் கேட்டிருக்கலாமே?" என்றான் பானுஜன்.

கேட்கவில்லை. ஜெகதீஸ்வரன் தொண்ணூற்றொன்றில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர். விசாரணையில், கேட்காத ஒன்றைத் தானாகச் சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு நாலு வருடம் இழுத்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஒரே கொள்கை. கந்தோர் அதிகாரி கேட்டால் பதில். கேட்காவிட்டால் வாய் திறப்பதில்லை. சங்கமும் ஒரு கந்தோர்தான். சங்கம் கேட்கவில்லை.

கிரியையும் தகனமும் மலைக்குக் கீழே இருந்த நகரத்திலேயே நடந்தன. ஆராவ், ஊஸ்டர் ஊர்களில் இருந்து சனம் வந்தது. ஜெகதீஸ்வரன் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து ஒன்றையே சொன்னார். "சூரிச் வீட்டுக்கு மட்டும் ஒருத்தரும் வராதேங்கோ." எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவை ஊஸ்டரில், தெரிந்தவரான இராஜசிங்கம் அண்ணை வீட்டில் செய்தார்கள். முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து வீட்டில் துடக்கு என்ற தீட்டைக் கழிக்க வேண்டும். மணி அடிப்பார். மந்திரம் சொல்லுவார். சாம்பிராணி படிக்கட்டு முழுக்க மணக்கும்.

"பிறகு பாப்பம்," என்றார் ஜெகதீஸ்வரன்.

பிறகு பார்க்கவில்லை.

வீட்டில் அவனுடைய படத்துக்கு மாலை போடவில்லை. விளக்கு வைக்கவில்லை. ஒப்பாரி இல்லை. துக்கம் கேட்டு யாராவது போன் எடுத்தால், பெரியம்மா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ட்ராம் தரிப்பிடத்துக்குப் போவார். அங்கே நின்று கதைப்பார். இரண்டு ட்ராம், மூன்று ட்ராம் போகும். முடிந்ததும் திரும்பி வந்து சமைப்பார். அங்கே நின்றும் அழவில்லையாம். முதல் நாள் அடக்கிய அழுகை பிறகு வரவே இல்லையாம். "எங்கயோ போயிட்டுது, தேடிப் பாத்தனான், இல்லை" என்று தனுஷியாவிடம் சொல்லியிருக்கிறார். காணாமல் போன திறப்புக்கொத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

தோய்க்கும் முறை வந்தபோது மூன்று பேருடைய படுக்கை விரிப்பைத் தோய்த்தார். கூரையடியில் மூன்றையும் காயப் போட்டார். மூன்றாவது விரிப்பில் யாரும் படுத்திருக்கவில்லை. தலையணை உறையை மட்டும் அவர் தோய்க்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஃப்ராவ் எக்லியின் காது இருந்தது.

பிருந்தன் வீட்டுக்குள் மரச்செருப்புப் போடுகிறவன். அடியில் மரக்கட்டை, மேலே தோல். பழைய சாமான் கடையில் வாங்கியது. வீட்டுக்குள்ளே செருப்பா என்று தாய் ஏசாத நாளில்லை. குளிர் தரை, அம்மா, என்பான். அவன் வருகிற வெள்ளிகளில் அது கீழே டக்... டக்... என்று கேட்கும். ஃப்ராவ் எக்லி கூட்டும் தும்புத்தடியால் தன் வீட்டு உட்கூரையில் இரண்டு தரம் தட்டுவார். அவன் மேலே இருந்து குதிக்காலால் இரண்டு தரம் தட்டுவான். வருடக்கணக்காக அது ஒரு விளையாட்டு.

தகனம் முடிந்த அடுத்த வெள்ளி மேலே சத்தம் இருக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஃப்ராவ் எக்லி படியில் மறித்துக் கேட்டார். "உங்கள் பையன் வரவில்லையா?"

அன்று இரவு ஜெகதீஸ்வரன் சொன்னார்: "ஆராவது நடக்க வேணும்."

அவருக்கு வெள்ளி காலை வேலை. வயோதிபர் இல்லத்துக் குசினியில் சமையல். பெரியம்மாதான் நடந்தார்.

"என்ன... மகன்ர செருப்பைப் போட்டுக்கொண்டோ?" என்றாள் யதுஷா.

"ஓம்."

எட்டுப் பத்துக்கு. அவனுடைய அறையில், கதவடியில் இருந்து யன்னல் வரை. யன்னலடியில் கொஞ்சம் நிற்பார். திரும்பி வருவார். மேசை லாச்சியை ஒரு தரம் இழுத்து மூடுவார். குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு வெளியே நிற்பார். பன்னிரண்டு நிமிடம். செருப்பு அவருக்கு நாலு அளவு பெரியது. கழன்று போகாமல் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாராம். அப்போது ஒன்றும் தோன்றாதாம். துக்கமும் இல்லை, பயமும் இல்லை. "வேலை மாதிரித்தான்" என்றார்.

பிப்ரவரி முழுக்க அப்படிப் போனது. 

மார்ச் நடுவில் ஒரு சனிக்கிழமை. பெரியம்மா கடைப் பைகளோடு படியேறினார். ஃப்ராவ் எக்லி தன் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

"பிருந்தனுக்குக் கால் சுகமாகிவிட்டதா?"

"என்ன கால்?"

"பிப்ரவரியில் அவன் நடை சரியாக இல்லையே. சின்னச் சின்ன அடி. குதிக்கால் பதியவில்லை. செருப்பு இழுபட்டது. பனியில் விழுந்து காலை முறித்துக்கொண்டானோ என்று நினைத்தேன்." கிழவி சிரித்தார். "இந்த இரண்டு வெள்ளியும் நன்றாக இருக்கிறது. அதே பழைய நடை. நேற்று நான் தட்டினேன்... அவனும் தட்டினான்."

பெரியம்மா பைகளைக் கீழே வைக்கவில்லை.

"ஓம்," என்றார். "சுகம்."

பெரியம்மா ஒரு பல் வைத்தியரிடம் துப்புரவு வேலை. அங்கே நேரத்தை மாற்றிவிட்டார்கள். அந்த இரண்டு வெள்ளியும் அவர் ஏழு மணிக்கே வீட்டை விட்டுப் போயிருந்தார். கணவர் ஐந்தரைக்கே போயிருந்தார். செருப்பு அலுமாரிக்குள் இருந்தது.

இரண்டு வெள்ளியும் வீட்டில் ஒருவரும் இல்லை.

விறகு ஒன்று வெடித்தது. மேர்சி என் கையைப் பிடித்தாள். அவளுடைய விரல் ஈரமாக இருந்தது. 

ஜெகதீஸ்வரன் நம்பவில்லை. "கிழவிக்கு வயது போயிட்டுது. என்னத்தையோ கேக்கிறா."

"அவவிட்ட மிச்சம் இருக்கிறதே காதுதான்," என்றார் பெரியம்மா.

அடுத்த வெள்ளி பெரியம்மா வேலைக்குச் சுகயீனம் சொல்லிவிட்டு வீட்டில் நின்றார். அலுமாரியில் இருந்து செருப்பை எடுத்தார். குசினியில் கதிரையைப் போட்டு, செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எட்டு மணி. எட்டு ஐந்து. முற்றத்தில் யாரோ சைக்கிளைப் பூட்டினார்கள். எட்டு ஒன்பது.

வீட்டுக் கதவு திறக்கவில்லை. படியில் ஒருவரும் ஏறி வரவில்லை. அது நேராக அவன் அறைக்குள்தான் தொடங்கியது.

டக்... டக்... டக்...

குதிக்கால் பதிந்த நடை. யன்னல் வரை போனது. நின்றது. திரும்பியது. லாச்சி இழுபட்டது... மூடப்பட்டது. கதிரை நகர்ந்தது. மூடியிருந்த கதவின் அடி இடைவெளியால் ஒரு மணம் வந்தது. எந்திர எண்ணெய். அதோடு ஈரமான மரப்பட்டை. வெட்டிய ஊசியிலை மரத்தின் பிசின் மணம்.

கீழே இருந்து தும்புத்தடி இரண்டு தரம் தட்டியது.

மேலே, மூடிய கதவுக்குப் பின்னால், மரக்கட்டைக் குதிக்கால் இரண்டு தரம் தட்டியது.

மரச்செருப்பு இரண்டும் அவருடைய மடியில் இருந்தன.

அவர் கதவைத் திறக்கவில்லை. திறந்து, உள்ளே ஒருவரும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இருந்ததாம். பன்னிரண்டு நிமிடத்தில் அது நின்றது. அவர் எழுந்து செருப்பை அலுமாரியில் வைத்தார். தேத்தண்ணி போட்டார். பின்னேரம் கணவர் வந்ததும் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"இனி நான் நடக்கத் தேவையில்லை."

ஜெகதீஸ்வரன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அறைக் கதவைப் பார்த்தார்.

"அப்ப சரி," என்றார்.

"அப்ப சரியோ?" பானுஜன் போர்வையை விட்டு எழும்பிவிட்டான். "விசரோ அந்தாளுக்கு? வீட்டுக்குள்ள பேய் நடக்குது, அப்ப சரியாம்!"

"இரடா. குளிருது," என்றாள் யதுஷா. அவளுடைய குரல் சின்னதாக இருந்தது.

அவர்களுக்குப் பயம் வரவில்லையாம். அதைத்தான் தனுஷியாவாலும் நம்ப முடியவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள். வந்தார்கள். சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒரு வேலை குறைந்துபோனது. அவ்வளவுதான்.

ஏப்ரலில் சனிக்கிழமையும் கேட்கத் தொடங்கியது. பிறகு ஞாயிறு. பிறகு எல்லா நாளும். நடையும் மாறியது. யன்னல், லாச்சி, கட்டிலடி, மறுபடி லாச்சி... வேலைக்குப் பிந்திவிட்ட ஒருவன் காரின் திறப்பைத் தேடுவதுபோல. பிறகு கதவுக்குக் கிட்ட வரும். கதவின் உள்பக்கத்தில் நிற்கும். அங்கே நெடுநேரம் நிற்கும். யாராவது தன்னைக் கூப்பிடுவார்கள் என்று நிற்பதுபோல.

ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கீழே கேட்கும் என்ற பயத்தால் இல்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லையாம்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டு நேரம் உள்ளிருந்து கதவு தட்டுப்பட்டது. மெதுவாக, இரண்டு தரம். ஜெகதீஸ்வரன் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார். பெரியம்மா எழுந்துபோய்க் கதவில் உள்ளங்கையை வைத்தார். பலகை வெளியே வைத்த இரும்புபோலக் குளிர்ந்திருந்தது. கையை எடுத்துவிட்டு வந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

"இப்போது எல்லா நாளும் வீட்டில் இருக்கிறானே," என்றார் ஃப்ராவ் எக்லி படியில். "வேலை போய்விட்டதா?"

"லீவு," என்றார் பெரியம்மா.

ஏப்ரல் கடைசியில் சங்கத்தில் இருந்து கடிதம் வந்தது. கட்டடம் முழுக்கப் பழைய யன்னல்களை மாற்றப் போகிறார்கள். அதற்கு முன்னால் எல்லா வீட்டு ஆட்களின் விபரத்தையும் புதுப்பிக்க வேண்டும். கந்தோரில் இருந்து ஒருவர் நேரில் வருவார். மே மாதம் முதல் வாரம், வெள்ளி, காலை பத்து மணி. வயது வந்த எல்லாரும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

இப்போது சங்கம் கேட்டுவிட்டது. ஜெகதீஸ்வரன் அந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தார். பிறகு தன் கொள்கைப்படி ஒரு வழி கண்டுபிடித்தார். "நான் வேலைக்குப் போறன். அவன் வேலைக்குப் போயிட்டான் எண்டு சொல்லும். படிவத்தைத் தந்திட்டுப் போகச் சொல்லும். நான் போட்டு அனுப்புறன்." மகனின் கையெழுத்தைத்தான் சொன்னார்.

கடுதாசி விஷயம் என்பதால் தங்கையின் மகளை வரச் சொன்னார்கள். தனுஷியா வந்தாள். அவளுக்கு விபத்துத் தெரியும். தகனத்துக்கும் போனவள். நடை விஷயம் தெரியாது. பெரியம்மா அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே இதற்குப் பிறகு நான் சொல்வது தனுஷியா தன் கண்ணால் கண்டது.

சங்கத்தில் இருந்து வந்த ஃப்ராவ் லூட்டி பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது மணியை அடித்தார். இளம் பெண். சப்பாத்தைக் கதவடியில் கழற்றிவிட்டு வந்தார். குசினி மேசையில் படிவத்தை விரித்தார். வசிப்போர், மூன்று வரிகள். முதல் வரியில் பெரியம்மா கையெழுத்திட்டார். எழுத்து நேராக இருந்தது.

"ஒன்றும் பயப்படாதீர்கள்," என்றார் ஃப்ராவ் லூட்டி. "விதியைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். யாராவது வீட்டைவிட்டுப் போனாலும் சரி, காலமானாலும் சரி, நாங்கள் உடனே யாரையும் வெளியேற்றுவதில்லை. இரண்டு வருடம் ஒன்றும் கேட்கமாட்டோம். அதற்குப் பிறகும் நீங்கள் விரும்பினால் பேசலாம். சொல்லிவிட்டால் போதும்."

கந்தோர் ஜெர்மன் பெரியம்மாவுக்கு முழுதாக விளங்காது என்று தனுஷியா அவர் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, ரெண்டு வருசம் ஒண்டும் கேக்க மாட்டினமாம். சொன்னாக் காணுமாம்."

"ரெண்டு வருசமோ?"

"ஓம்."

"முதலே... இப்பிடித்தானோ?"

தனுஷியா கேட்டுச் சொன்னாள். "ஓமாம். எப்பவுமே இப்பிடித்தானாம்."

பெரியம்மா படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மேசைக்குக் கீழே வலக்கை மட்டும் சட்டையின் ஓரத்தைச் சுருட்டியது... விரித்தது... சுருட்டியது.

"சொல்லுவம், பெரியம்மா," என்றாள் தனுஷியா மெதுவாக. "நான் சொல்லட்டோ?"



அப்போதுதான் அறைக்குள் தொடங்கியது.

டக்... டக்... டக்...

தனுஷியாவுக்கு முதலில் விளங்கவில்லை. மேல்வீட்டில் என்று நினைத்தாள். பிறகு லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம். அவளுடைய கைமயிர் சிலிர்த்தது.

"பெரியம்மா, உள்ளுக்கு ஆர்?"

ஃப்ராவ் லூட்டியின் முகம் மலர்ந்தது. "ஓ, மகன் வீட்டில்தான் இருக்கிறாரா? கீழே ஃப்ராவ் எக்லி சொன்னார், இப்போதெல்லாம் அவர் எந்த நேரமும் வீட்டில்தானாம். நல்லது. அவரே போட்டுவிடட்டும்."

அவர் படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். தனுஷியாவுக்கு எழும்ப வேண்டும், மறிக்க வேண்டும் என்று இருந்தது.  அதற்குள் ஃப்ராவ் லூட்டி நடைகூடத்தில் நாலு அடி வைத்துவிட்டார். கதவில் விரல்முட்டியால் தட்டினார்.

உள்ளே நடை நின்றது.

பிறகு கதவை நோக்கி வந்தது. அவசரமான நடை. கடைசியில் யாரோ கூப்பிட்டுவிட்டார்கள் என்பதுபோல. கதவடியில் நின்றது. ஈர மரப்பட்டை மணம் நடைகூடம் முழுக்கப் பரவியது. ஃப்ராவ் லூட்டி மூக்கைச் சுருக்கினார். சிரித்தபடியே நின்றார்.

பித்தளைக் கைப்பிடி கீழே இறங்கத் தொடங்கியது.

மெதுவாக. கால்வாசி... அரைவாசி...

பெரியம்மா எழுந்து நின்றார். கதிரை பின்னால் விழுந்தது. அவருக்கு முப்பது வருட ஜெர்மன் தெரியும். அந்த நேரத்தில் வந்தது அது இல்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை. கீழ்வீட்டுக்கும், படிக்கட்டுக்கும், முற்றத்துக்கும் கேட்கும்படி, தமிழில் சொன்னார்.

"பிருந்தன் செத்துப்போனான்."

ஃப்ராவ் லூட்டிக்குத் தமிழ் தெரியாது. அவர் என்னவென்று கேட்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்குத் தெரியும்.

கைப்பிடி அப்படியே நின்றது. பிறகு மெல்ல மேலே போனது. ஒரு சத்தமும் இல்லை. தனுஷியா எண்ணியிருக்கிறாள்... ஏழு விநாடி. அதன் பிறகு உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. நித்திரையால் எழும்பியவனின் கரகரத்த குரல். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைத் தான் மட்டும் இப்போதுதான் கேள்விப்படுகிற ஒருவனின் குரல்.

"எப்ப அம்மா?"